வெந்நீர் வால்வு

பழனிசெட்டிபட்டி,
ஜனவரி 24

அன்பு மகள் ஜெசிக்கு அப்பா எழுதுவது. இறைவன் அருளால் நான் நலம். டப்ளின் குளிரில் நீயும் பேரனும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டுகிறேன். அம்மாவும் நலம் என்று எழுதினால் பொய், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே இருக்கிறாள், சொல்ல முடியவில்லை. பாத்ரூமில் வழுக்கிக் கால் சுளுக்கிக்கொண்டாள் என்று உன்னிடம் சொன்னோமே, நடந்தது அதுவல்ல.

ஒரு வருடமாக நம் பாத்ரூமில் பச்சைத்தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், வெந்நீர் நூல் போல வரும். கலந்து திறந்தால் வருவதெல்லாம் பச்சைத்தண்ணீர்தான். மார்கழியில் எனக்குத் தாங்கவில்லை. மாடித் தொட்டியில்தான் கோளாறு என்று அபார்ட்மென்ட் செயலாளரிடம் இரண்டு முறை சண்டை போட்டேன். அவர் கீழ்வீட்டுக்கு அழைத்துப்போய்த் திறந்து காட்டினார், அங்கே இரண்டும் ஒன்றுபோல வந்தது. சரி, கோளாறு நம் வீட்டுக்குள்தான் என்று கிறிஸ்துமஸ் முடிந்த திங்கட்கிழமை பிளம்பர் தங்கப்பாண்டியை வரச்சொன்னேன். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். அவர் குழாயைக் கழற்றி உள்ளே இருந்த சல்லடையைக் காட்டினார், போர் தண்ணீரின் உப்பு படிந்து கிடந்தது. கழுவி மாட்டியும் பெரிதாக மாற்றமில்லை. பிறகு கீசருக்குக் கீழே இருக்கும் வால்வைத் தொட்டுப் பார்த்து, "சார், இத யாரோ முக்காவாசி அடைச்சு வச்சிருக்காக" என்று சொல்லி முழுதாகத் திறந்துவிட்டார். இரண்டும் சமமாக வந்தது, எனக்கு ஒரே திருப்தி. அம்மா வந்ததும் சல்லடையைக் கழுவினோம், சரியாகிவிட்டது என்றேன். வால்வைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலைக் குழாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு, வெந்நீரை வழக்கமான அளவுக்குத் திறந்துவிட்டுத் தலைக்குச் சீயக்காய் தேய்த்திருக்கிறாள். கதவுக்கு மேலே ஆவி வந்தது. இன்றைக்கு நல்ல சூடாகக் குளிக்கிறாள் என்று நினைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வந்து நடந்த இடத்தில் ஈரத்தோடு தோல் ஒட்டியிருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன், அவளுக்கு வலிக்கவே இல்லை. தேனியில் பத்து நாள் கட்டுப் போட்டோம், சர்க்கரை உடம்பு, புண் கருத்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோய் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அங்கே படுக்கையில்தான் சொன்னாள், "ரெண்டு வருசமா காலு மரத்துக் கெடக்குங்க. போன வருசம் கொப்புளம் வந்தப்பறந்தான் சுட்டதே தெரிஞ்சுச்சு. அதான் நானே வால்வ அடைச்சு வச்சேன். நீங்க அதத் தொறந்தீகன்னு தெரியாதே" என்று. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க ஜெசிக்குச் சொல்வீக, அவ கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடியாருவா" என்றாள்.

எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கஞ்சி வைக்கிறேன், கட்டு மாற்றுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன், பொழுது போய்விடுகிறது. தங்கப்பாண்டி கேள்விப்பட்டு வந்து வாசலிலேயே நின்றார். உங்கள் மேல் தப்பில்லை என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். கீசரின் சூட்டைக் குறைத்து வைத்துவிட்டு, டீ குடிக்காமலே போய்விட்டார்.

நீ உடனே டிக்கெட் போடாதே, பிள்ளை கொஞ்சம் வளரட்டும். உனக்கும் அவள் ரத்தம்தான், தவறாமல் சர்க்கரை பார்த்துக்கொள். அம்மாவைத் திட்டாதே, திட்டுவதென்றால் என்னைத் திட்டு. ஒன்று மட்டும் மறக்காமல் செய். இனி வீடியோவில் பேசும்போது அவள் முகத்தோடு நிறுத்திவிடாதே, காலைக் காட்டச் சொல். கட்டு மாற்றும்போதுகூட என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நீ கேட்டால் காட்டுவாள்.

மாதா உங்கள் இருவருக்கும் துணையிருப்பாள்.

உன் அப்பா,
பங்கிராஸ்