டாக்டரிடம் இன்று நானே பேசுகிறேன்

ரெக்ஸ்,

பூசணி சூப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக் குடி. கணப்புக்கு விறகு நீதான் போட்டுக்கொள்ள வேண்டும், என்னால் தூக்க முடியவில்லை. உன் தங்கை மர்லீன் டெவன்போர்ட்டிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வருகிறாள். அவளிடம் சாவி இல்லை, வெளியே போய்விடாதே.

பக்கத்து வீட்டு ஜாய்ஸின் காரில் நான் மறுபடியும் கிளினிக்குக்குப் போகிறேன். நேற்று டாக்டர் என்னிடம் கேட்டதற்கெல்லாம் நீதான் பதில் சொன்னாய். "அவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா அசதி. வீட்லயே கெடந்து எதையாவது யோசிச்சிட்டே இருக்கா." அவரும் மனக்கவலை என்று எழுதிவிட்டு, தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டார். நானும் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தலைக்குக் குளித்தாலே இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் போகிறது. ஆறு வருஷமாக இப்படித்தான். இன்று இதைச் சொல்லி, அவர் எழுதியதை மாற்றும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டேன்.

எனக்குப் பெரிதாக ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நீ அப்படிச் சொன்னாய் என்று தெரியும். ஆனாலும் வலித்தது.

நெரிடா

மர்லீன் கேட்டால் "தூங்குறா" என்று மழுப்பாதே. எங்கே போயிருக்கிறேன் என்று சொல்.

இன்னொன்று. திரும்பி வந்ததும் மூன்று நாளாவது படுத்துவிடுவேன். அப்போது "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பிக்காதே. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு என் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்.