நில் என்றால் நிற்க ஆளில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

இடுப்பு வலி தேவலையா? ஓமருவில் குளிர் தொடங்கியிருக்கும். ஹீட்டருக்குச் சிக்கனம் பார்க்காதீர்கள். இங்கே ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தில் நான் நலம்.

ஈஸ்டர் விடுமுறையில் ஆய்வகத் தோழி கிளெண்டா என்னை ஒரு முகாமுக்கு இழுத்துப்போனாள். பெரியவர்கள் இடைக்கால ஐரோப்பிய வீரர்களாக உடுத்திக் கூடாரமடித்து வாள் சுழற்றும் கூத்து அது. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு விதி உண்டு: ஆபத்தைக் கண்டு யாராவது "நில்!" என்று கத்தினால், எல்லோரும் அப்படியே உறைய வேண்டும்.

கடைசி நாள் கூடாரத்தைப் பிரிக்கும்போது கிளெண்டா "நில்!" என்று கத்தினாள். என் காலருகே ஒரு பழுப்புப் பாம்பு. கவலைப்படாதீர்கள், கடிக்கவில்லை. கவசம் போட்டவர்கள்கூட அப்படியே உறைந்தார்கள்.

"மூச்சு மட்டும் விட்டுக்கடி மெரியன். உன்னை முழுங்க அதுக்கு வாய் பத்தாது," என்றாள் கிளெண்டா என்னிடம்.

"சிரிக்க வைக்காதடி, அசைஞ்சிடுவேன்."

பாம்பு எங்கே போனதென்று யாரும் பார்க்கவில்லை. "புல்லுக்குள்ளதான் போயிருக்கும்," என்றாள். கூடாரத் துணியை ஒருமுறை உதறிச் சுருட்டினோம்.

நேற்று வீடு திரும்பி அதைச் சலவையறையில் போட்டேன். இன்று காலை அதன் மடிப்பு ஒன்று அசைந்தது. என்னை மீறி "நில்!" என்று கத்தினேன். வீட்டில் நிற்பதற்கு யாருமில்லை.

காற்றாகவும் இருக்கலாம். கதவிடுக்கில் துண்டு அடைத்துவிட்டுப் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட்டிருக்கிறேன். நம் நியூசிலாந்தில் பாம்பே கிடையாது என்பதை இப்போதுதான் நன்றியோடு நினைக்கிறேன்.

தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நான் போதும் என்றாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

வாசலில் பாம்பு பிடிப்பவரின் வண்டி வந்து நிற்கிறது. போய்த் திறக்கிறேன்.

மெரியன்