கர்ட்டிஸ் முறைத்தான்

படைமுகாம், டெக்சாஸ்
மார்ச் 4

அன்பு ராண்டாவுக்கு,

நீயும் நம் மகள் மேசியும் நலமா? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். உன் அப்பாவின் அடக்கத்தன்று உன் தம்பி கர்ட்டிஸின் பல்லை நான் உடைத்தது கமாண்டர் காதுக்குப் போய்விட்டது. கோபத்தை அடக்க, வாரம் மூன்று நாள் கம்ப்யூட்டர் பயிற்சியில் உட்கார வைத்துவிட்டார்கள். என்னைப் போல் கை நீட்டுகிறவர்கள் எட்டுப் பேர். 'சாப்பாட்டு வரிசையில் ஒருவன் உங்களை இடித்துவிட்டுப் போகிறான்' என்று திரையில் வரும். 'வேண்டுமென்றே இடித்தான்' என்றால் தப்பு. 'அவசரத்தில் கவனிக்கவில்லை' என்றால் சரி. முதல் நாள் எனக்கு எல்லாமே தப்பு. இப்போது பத்துக்கு ஒன்பது சரி. போன வாரம் முகாமில் கூட இருக்கும் பெல்ட்ரான் என் மேல் காபியைக் கொட்டினான். "பரவால்லடா, துடைச்சுக்கிறேன்" என்றேன். அவன் அதற்கே பயந்துவிட்டான்.

அன்றைக்கும் இதுதான் நடந்திருக்கிறது. கர்ட்டிஸ் துக்கத்தில் பார்த்ததை நான் முறைப்பு என்று எடுத்துக்கொண்டேன். உன் முகத்தையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்துவிடு.

உன் டெரல்

பைன் பிளஃப், ஆர்கன்சா
மார்ச் 13

டெரல்,

மேசி நலம். நான் நன்றாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும்வரை.

துக்கத்தில் பார்த்தானா? நான்கு மாதம் அப்பாவைக் கழுவித் துடைத்தது நானும் கர்ட்டிஸும். லீவு கிடைத்தும் நீ மீன்பிடிக்கப் போனாய். பெட்டியைக் குழியில் இறக்கிய பிறகு பீர் வாடையோடு வந்து நின்றாய். சர்ச் கூடத்தில் தட்டை நிரப்பிக்கொண்டு, "என்ன, எல்லார் மூஞ்சியும் தொங்கிக் கெடக்கு?" என்று சிரித்தாய். கர்ட்டிஸ் முறைத்தான், டெரல். நன்றாகவே முறைத்தான். நானும் முறைத்தேன். நீ எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

அந்தக் கூடத்தில் அறுபது பேருக்கு உன் மேல் கோபம். கை ஓங்கியது நீ ஒருவன்தான்.

யாருக்கும் உன் மேல் கோபமே இல்லை என்று நம்பவைத்தால்தான் நீ அடங்குவாய் என்றால், அந்த அடக்கம் எனக்கு எதற்கு? எனக்குக் கோபம் வரும். என் வீட்டில் பயமில்லாமல் கோபப்பட வேண்டும் எனக்கு.

ராண்டா

படைமுகாம்
மார்ச் 25

ராண்டாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கசக்கி எறிந்தேன். இவ்வளவு பாடுபட்டும் இதுதானா என்று எனக்கும் ஆத்திரம். பிறகு எடுத்து நீவி, பயிற்சி தரும் டாக்டர் ஹோல்கம்பிடம் காட்டினேன். அந்த அம்மாள் படித்துவிட்டுச் சொன்னார்: "சும்மா நடக்கிறதையெல்லாம் சண்டையா எடுத்துக்காம இருக்கத்தான் சார்ஜென்ட் இது. நெஜமாவே கோபமா இருக்கிறவங்க முன்னாடி எப்படி நிக்கிறதுன்னு இந்தத் திரை சொல்லாது. அதை நீங்கதான் செஞ்சாகணும்."

கர்ட்டிஸுக்குப் போன் செய்தேன். "ஆமா, மொறைச்சேன். நேர்ல வந்தா இன்னும் மொறைப்பேன்" என்றான். "கடைசி வாரம் முழுக்க அப்பா ஒன்னத்தான் கேட்டாரு, தெரியுமா? 'டெரல் வந்தாச்சா, டெரல் வந்தாச்சா'ன்னு." நாற்பது நிமிஷம் திட்டினான். என் கை தானாக இறுகியது. "ஆமா" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. போனை அவன்தான் வைத்தான்.

உன் அப்பா என்னைக் கேட்டதை நீ ஏன் சொல்லவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே பதில் தெரிந்துவிட்டது. சொன்னால் நான் எதை உடைப்பேனோ என்று பயந்திருப்பாய்.

இந்தத் தடவை வா என்று எழுதவில்லை.

டெரல்

பைன் பிளஃப்
ஏப்ரல் 6

டெரல்,

"கத்தித் தீத்துட்டேன்க்கா, அந்த ஆளு பேசாம கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்று கர்ட்டிஸ் சொன்னபோது நான் நம்பவில்லை. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் நம்பினேன்.

நான் டெக்சாஸுக்கு வரமாட்டேன். எனக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது, மேசிக்குப் பள்ளியும். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரலாம். கர்ட்டிஸும் இருப்பான். உன்னிடம் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. முகத்துக்கு நேரே, சத்தமாகத்தான் சொல்வேன். கேட்டுவிட்டுச் சாயங்காலமே திரும்பிப் போ. அதற்கு மேல் எந்த வாக்கும் தரமாட்டேன்.

மேசியிடம், "அப்பா வர்றார். அம்மா கத்துவேன், நீ பயப்படாதே" என்றேன்.

"அப்பா என்ன பண்ணுவார்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. வந்து நீயே அவளுக்குச் சொல்.

ராண்டா