மு, த், து

ஐப்பசி 4, திங்கள்.
தூறல். பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு குடம் தண்ணீர். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் அங்குள்ள டீச்சரம்மாதான். இந்த நோட்டும் அவர் தந்தது. ஒரு வரிக்கு வெகு நேரம் ஆகிறது. ஆகட்டும்.

சாயங்காலம் பாடத்தை உரக்க வாசித்தேன். வடிவு எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். பிறகு என் தொண்டையில் கை வைத்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. என்னைத் தொட்டாள், தன் வாயைத் தொட்டாள். என் பெயரைச் சொல்ல வேண்டுமாம்.

முத்து. அண்ணன் இருந்தவரை கூப்பிட்டார். இப்போது தாத்தா, மாமா, தண்ணீர்க்காரர்.

5, செவ்வாய்.
வெயில். டீச்சரம்மா பிள்ளைகளுக்குச் செய்வது போலவே செய்தேன். உள்ளங்கையில் பஞ்சு. ப என்றால் பறக்கிறது. ம் என்றால் அசையவில்லை. உதடு மூடியிருக்கிறது, காற்று மூக்கு வழியே போகிறது. வ. (முழுப்பெயர் எழுதக் கை வலிக்கிறது) என் மூக்கைப் பிடித்தாள். ம் நின்றுபோயிற்று. ஒரே சிரிப்பு அவளுக்கு. பிறகு தன் தொண்டையில் தன் கை. 'ம்ம்.' உதட்டைக் குவித்துக் காட்டினேன். 'மு.' கன்றுக்குட்டி மாதிரி. ஆனாலும் மு.

6, புதன்.
மழை. துவரம்பருப்பு தீர்ந்தது. த் வரவில்லை. நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் ஒட்ட வேண்டும். எனக்கு மேலே முன்பல் இல்லை, நாக்கு வெளியே வந்துவிடுகிறது. அவளும் அப்படியே நீட்டினாள். வெறுங்காற்று. வீட்டில் பல்லுள்ளவள் மருமகள் இசக்கியம்மாள். கேட்டுப் பார்த்தேன்.

'மாமா பேர நான் சொல்லலாமா? நாக்கு அழுகிரும்னு எங்கம்மா சொல்லுவா.'

வ. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். த் வராத கோபம். தன் தொண்டையைத் தொட விடவில்லை.

8, வெள்ளி.
நேற்றும் வ. வாய் திறக்கவில்லை. காலையில் மருமகள் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். பைய ஆரம்பித்தேன்.

'த் மட்டும் சொல்லு தாயி.'

'ஒத்த எழுத்து பேராகாதுல்லா?'

'ஆகாது.'

'அப்போ து?'

'அதையும் சொல்லு. மு மட்டும் சொல்லாத.'

'மாமா வக்கீலுக்குப் போயிருக்கணும்.'

உலக்கையைச் சாத்திவிட்டு வந்தாள். வ. அவள் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். 'த்.' தொண்டை சும்மா இருந்தது. 'து.' அதிர்ந்தது. மத்தியானத்துக்குள் வ.வுக்கு இரண்டும் வந்துவிட்டன. மூன்றும் சேரவில்லை.

9, சனி.
தூறல். லீவு. பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். கொல்லையில் சத்தம். 'மு... த்... து.' நடுவில் மூச்சு வாங்கினாள். பிறகு ஒரே மூச்சில். கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் கனமாக.

பக்கத்து வீட்டுக் கோமதி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, 'ஏளா இசக்கி, யாரு அண்ணாச்சியப் பேரு சொல்லிக் கூப்பிடுதா?'

'எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா' என்றாள் மருமகள்.

வடிவு. இன்று முழுதாக எழுதினேன். மறுபடி கூப்பிடுகிறாள். எழுந்து போகவில்லை. போனால் நிறுத்திவிடுவாள்.