சுட்டவன் பங்கு

ஜூன் 14, சனி. இரவு.

காலையில் பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்தில் காட்டுப்பன்றி வேட்டை. நான் சுட்டதும் பன்றி உருண்டது. பிறகு எழுந்து லாலாங் புல்லுக்குள் ஓடி மறைந்தது. அதைப் பார்த்தது நான் மட்டும்தான். அடிபட்ட பன்றியைச் சுட்டவனே தேடிப் போகவேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம். எனக்குப் பயம். "விழுந்துருச்சுலா!" என்று கத்தினேன். அந்தக் குரல் கேட்டால், செத்துவிட்டது என்று நம்பி மற்றவர்கள் தைரியமாகப் புல்லுக்குள் இறங்குவார்கள்.

தங்கை புருஷன் குமார்தான் பாராங் கத்தியோடு முதலில் இறங்கினான். பன்றி அவன் தொடையைக் கிழித்துப் போட்டது. நான் ஓடிப்போய் இரண்டாவது குண்டில் அதைக் கொன்றேன்.

வலது காலை எடுத்தாகவேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

"நீங்க இல்லன்னா செத்தே போயிருப்பாரு அண்ணே," என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது குமார், "நான்தான் அவசரப்பட்டுட்டேன் மச்சான்," என்றான்.

"ஆமா, ஒனக்கு எப்பவுமே பொறும இல்ல," என்றேன். இந்த வாய் புழுத்துப் போகட்டும். ஆனால் சொல்லும்போது நெஞ்சு லேசாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் ஆயர் ஈத்தாமில், கூட்டாளி வீட்டில் கறியைப் பங்கு போட்டார்கள். சுட்டவனுக்குப் பின்தொடை, அதுதான் வழக்கம். வாங்கி வந்து ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.