கோலுக்குப் பின்னால் நிற்பவர்கள்

7 ஜூலை 2024, ஞாயிறு

திருவான்மியூரில் நாத்தனார் வீட்டுக்குப் பிரியாணிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், சாயங்காலம் முழுக்க வெயிலில் நின்று பெண்கள் கால்பந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பாத்திரம் இன்னும் பையில்தான் இருக்கிறது.

வழியில் மைதான வாசலில் ஸ்ரீநாத்தைப் பார்த்ததுதான் காரணம். தரமணி ஆபீஸில் எனக்கு எதிர் சீட். மயிலாப்பூரில் பிறந்து கிரிக்கெட் பேசாத ஒரே ஆள். ‘தென்கரை எஃப்.சி.’ என்று புதிதாக ஒரு பெண்கள் அணி, நகர லீகில் முதல் மேட்ச், பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போ என்றான்.

எதிரணி வடசென்னை. அவர்களோடு ஒரு வேன் நிறைய ஆட்கள். மேளம், கொடி, பாட்டு, நடுவில் விசில். நம் பக்கம்? ஆடுகிற பெண்களைப் பெற்றவர்கள் சிலர், ஒரு ஐஸ் வண்டி, நான், ஸ்ரீநாத்.

மூன்று கோல் வாங்கித் தோற்றோம். ‘தோற்றோம்’ என்றா எழுதிவிட்டேன்? சரி, இருக்கட்டும். ஆனால் அந்தக் கோல்கீப்பர் இல்லையென்றால் பத்து வாங்கியிருப்போம். ஷீலா என்று பெயர், ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். ஒரு பந்தைப் பக்கவாட்டில் பறந்து விரல் நுனியால் தள்ளிவிட்டாள். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். யாரும் கைதட்டவில்லை. எங்களுக்குத் தட்டத் தோன்றுவதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. திரும்பும்போது நான்தான் சொன்னேன், நாமும் ஒரு கூட்டம் சேர்க்கலாம் என்று. நானா சொன்னேன்? நான்தான்.

9 ஜூலை, செவ்வாய்

வாட்ஸாப்பில் குரூப் ஆரம்பித்தாயிற்று. பெயர்: தென்கரைக் கூட்டம். ஸ்ரீநாத் இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னான், ‘ஆர்மி’, ‘பிரிகேட்’. நமக்கு எதற்குப் பட்டாளமெல்லாம்? கூட்டம் என்றாலே போதும். முதலில் கூட்டம் வரட்டும்.

தௌஃபீக்கையும் சேர்த்தேன். என் புருஷன் என்பதால் மறுக்க முடியவில்லை. கிரிக்கெட் இல்லாத நாளில் வருகிறேன் என்று எழுதினார். கிரிக்கெட் இல்லாத நாள் என்று ஒன்று வருஷத்தில் உண்டா?

14 ஜூலை, ஞாயிறு

ஏழு பேர். கோலுக்குப் பின்னால் கம்பி வேலியை ஒட்டி வரிசையாக நின்றோம். நின்றோம், அவ்வளவுதான். எப்படி ஆரம்பிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில்கூட மைக்கை அணைத்து வைத்திருக்கிறவள் நான். வீட்டிலும் பஸ்ஸிலும் ‘மெதுவா பேசு’ என்று கேட்டே வளர்ந்த தொண்டை. திடீரென்று கத்து என்றால்?

பக்கத்தில் கழுத்தில் துண்டு போட்ட ஒரு அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இன்னா, போட்டோ புடிக்கவா வந்தீங்க? கத்துங்கமா” என்றார். அப்புறம் அவரே கூவினார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த லைன் ரெஃப்ரி திரும்பிப் பார்த்தார்.

செண்பகம். ஷீலாவின் அம்மா. பெசன்ட் நகரில் மீன் விற்கிறார்.

அதற்கப்புறம் நானும் கத்தினேன். முதல் சத்தம் கீச்சென்று வந்தது. இரண்டாவது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டிரா.

20 ஜூலை, சனி

ஸ்ரீநாத் வீட்டு மொட்டைமாடியில் பேனர் எழுதினோம். நீலத் துணி, வெள்ளை எழுத்து. ‘தென்கரை’யில் ரகர றகரச் சண்டை வந்து அவன் அம்மா ஜெயலக்ஷ்மி தீர்த்துவைத்தார். காபி கொடுத்துவிட்டு, எங்காத்துல ஃபுட்பால்னு ஒண்ணு இருக்குறதே தெரியாதேம்மா, இவன் எங்கேர்ந்து வந்து பொறந்தான்னு இருக்கு என்றார். பேசிக்கொண்டே ‘எஃப்’ எழுத்தின் மேல் கால் வைத்துவிட்டார். அந்தக் கால்தடத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

28 ஜூலை, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். ஜெயித்துவிட்டோம். ஜெயித்துவிட்டோம்.

ஸ்ரீநாத் எங்கிருந்தோ ஒரு டிரம் கொண்டுவந்தான். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்டவனாம், அந்தக் கையெல்லாம் இன்று இதில் இறங்கியது. நான் பஸ்ஸில் யோசித்துவைத்த பாட்டை அவன் காதில் சொன்னேன். உடனே தாளம் பிடித்துவிட்டான்:

அலை அடிச்சா கரை இருக்கு!
பந்து அடிச்சா ஷீலா இருக்கா!

நான் முதல் வரி, கூட்டம் இரண்டாம் வரி. ஐந்தாறு தடவை போனதும் வேலிக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் டியூஷன் போகிற பெண்கள். கடைசிப் பத்து நிமிஷம் எதிரணி எங்கள் கோல் பக்கமே நின்றது. ஒவ்வொரு பந்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. ஷீலா ஒன்றும் விடவில்லை. எங்கள் ஒரே கோல் நின்றது.

விசில் ஊதியதும் பதினோரு பேரும் வேலிக்கு ஓடி வந்தார்கள். கம்பி வழியாக விரல்களைப் பிடித்துக்கொண்டோம். யார் விரல் யாருடையது என்றே தெரியவில்லை. செண்பகம் அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டார். இப்போதும் கையில் மீன் வாசம், வியர்வை, பேனர் துணியின் நீலச் சாயம். குளிக்க மனசு வரவில்லை.

29 ஜூலை

குரல் சுத்தமாக இல்லை. மீட்டிங்கில் தலையை மட்டும் ஆட்டினேன். மேனேஜர் நான் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டதாக நினைத்துவிட்டார்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

வேலி போதவில்லை! ஆட்கள் பைக் மேல் ஏறி நிற்கிறார்கள். எனக்குப் பெயர் தெரியாதவர்கள் என் பாட்டைப் பாடுகிறார்கள். தௌஃபீக் வந்திருந்தார். ஒரு காதில் கிரிக்கெட் கமெண்டரி, ஆனால் வந்திருந்தார். அரை மணி நேரத்தில் அந்த ஒயரும் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. திரும்பும்போது, “வஜி, உனக்கு இவ்ளோ பெரிய குரல் இருக்குன்னு நிக்காஹ்வுக்கு முன்னாடி யாரும் சொல்லலையே” என்றார்.

தோற்றோம். பரவாயில்லை. கடைசி இடத்துக்கு ஒரு படி மேலே இருக்கிறோம். கடைசி இடம் வந்தால்தான் கீழ்ப் பிரிவுக்கு இறக்குவார்கள்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

ஆட்டம் முடிய கொஞ்ச நேரம்தான். சாதாரணப் பந்து. ஷீலா கையில் விழுந்து, வழுக்கி, கால்களுக்கு நடுவே உள்ளே போய்விட்டது. யாருக்கும் நடக்கும். டிரம் நின்றது. அந்த அமைதியில் ஸ்ரீநாத் கத்தினான்: “ஷீலா, மீன் விக்கப் போடி!”

எங்கள் கூட்டம் சிரித்தது. அது போதாதென்று, அவன் அதையே தாளமாக அடிக்க ஆரம்பித்தான். பின்னாலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாடினார்கள். நாங்கள் நிற்பது கோலுக்கு நேர் பின்னால். அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? அவள் திரும்பவில்லை. க்ளவுஸை இறுக்கிக்கொண்டே நின்றாள்.

நான் அவன் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கினேன். எப்படிப் பிடுங்கினேன் என்று தெரியவில்லை. கட்டைவிரலில் சிராய்ப்பு.

திரும்பிப் பார்த்தபோது செண்பகம் அக்கா வேலியில் போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டேன். நிற்கவில்லை.

19 ஆகஸ்ட், திங்கள்

கேன்டீனில் ஸ்ரீநாத்தோடு பேசினேன். கோபத்தில் வந்த வார்த்தை என்கிறான். கிரவுண்டில் எல்லாரும்தான் கத்துகிறார்கள், வடசென்னைக் கூட்டம் எங்களை என்னென்ன சொன்னது, அதெல்லாம் விளையாட்டின் பகுதி என்கிறான். அது எதிராளி என்றேன். அப்படியானால் நான் என்ன செய்யணும் என்றான். குப்பத்துக்குப் போய் ஷீலாவிடம் மன்னிப்புக் கேள், அதுவரை கூட்டத்தில் நிற்காதே என்றேன்.

“இந்தக் கூட்டத்தை நானும் சேர்ந்துதானே ஆரம்பிச்சேன், வஜி?”

ஆமாம். அதனால்தான் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். மூன்று வருஷமாக எதிர் சீட். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சுலபம்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

ஆபீஸ் முடிந்து குப்பத்துக்குப் போனேன். செண்பகம் அக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் கூட்டத்தின் சார்பில் என்று ஏதோ ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“மீன் விக்கிறவன்னா எனக்கு இன்னா வெக்கம்? வித்துதான் இத்த வளத்தேன். அது இல்லமா. பந்தப் புடிச்சா எங்க பொண்ணுன்றீங்க. வுட்டா மீன்காரி பொண்ணுன்றீங்க. அதான் எனக்கு ஆவல.”

ஷீலா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். பத்தொன்பது வயது. மைதானத்தில் இருப்பதைவிட ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

21 ஆகஸ்ட்

குரூப்பில் எழுதினேன். எதிரணியைக் கிண்டல் செய்யலாம். நம் ஆட்டக்காரர் எவரையும், அவர் பிறப்பையோ பிழைப்பையோ சொல்லி எவரையும், திட்டக்கூடாது. பிடிக்காதவர்கள் போகலாம்.

போனார்கள். ‘வெளியேறினார்’, ‘வெளியேறினார்’ என்று சாப்பிடும்போதெல்லாம் போன் சிணுங்கியது. தௌஃபீக் போனைத் திருப்பி வைத்துவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

டிரம் இல்லை. மழைத்தூறல். பாதிக் கூட்டம்கூட இல்லை. செண்பகம் அக்கா வரவில்லை. வெறும் கையைத் தட்டினோம். பாட்டின் முதல் வரியை எடுத்தேன், இரண்டாம் வரி மெலிதாக வந்தது. வந்தது. தோற்றோம். கடைசி இடம்.

முடிந்ததும் ஷீலா மட்டும் வேலி வரை வந்து, இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

5 செப்டம்பர், வியாழன்

ஸ்ரீநாத் இன்று அவனாகவே என் சீட்டுக்கு வந்தான். நேற்று குப்பத்துக்குப் போனானாம். செண்பகம் அக்கா அவனை வெளியிலேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தாராம். அவன் ‘தப்பு என்னுதுதான்’ என்று சொன்னதும் ஷீலா கேட்டது ஒன்றே ஒன்று: “அண்ணா, அடுத்த பந்தையும் விட்டேன்னா?”

“நீ என்ன சொன்னே?” என்றேன்.

“அப்பவும் உன் பேரத்தான் சொல்லுவேன்னேன்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நானும் என் மானிட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது!

கடைசி ஆட்டம். ஜெயித்தால் மட்டுமே பிழைப்போம். நேற்றுத்தான் பிள்ளையார் சதுர்த்தி. ஊரிலுள்ள டிரம்மெல்லாம் பந்தல்களில். ஸ்ரீநாத்துடையதும் அவன் தெருப் பந்தலுக்குப் போய்விட்டதாம். வெறுங்கையோடு வந்து பின்வரிசையில் நின்றான். வேளாங்கண்ணி கோயில் திருவிழா வேறு, பெசன்ட் நகர் முழுக்க ஜனம். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. செண்பகம் அக்கா முதலில் இறங்கினார். பின்னால் குப்பத்துப் பெண்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வேலியோரம் எனக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். அக்கா பின்னால் திரும்பி, “அங்க இன்னா பண்ணிகினு கீற? முன்னால வா” என்றார். ஸ்ரீநாத் வந்தான். இடம் விட்டார்கள்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுத? பாட்டு எங்கே முடிந்து எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. வேலியில் மாட்டியிருந்த தகரப் பலகையை உள்ளங்கையால் அடித்தோம். முதலில் கோல் வாங்கினோம். ஷீலா மேல் தப்பே இல்லாத கோல், ஆனாலும் வாங்கினோம். ஒரு நொடி எல்லாம் நின்றது. உடனே ஸ்ரீநாத், தொண்டை கிழிய, ஷீலா, ஷீலா என்று. அத்தனை பேரும் பிடித்துக்கொண்டோம். அவள் வலையிலிருந்து பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்த உதை இருக்கிறதே!

சமன் செய்தோம். கடைசி நிமிஷங்களில் ஒரு கார்னர், தலைகளுக்கு நடுவே ஒரு தலை, வலை ஆடியது. நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று காணவில்லை. ஒற்றைச் செருப்போடு வந்தவளைப் பார்த்துவிட்டு தௌஃபீக் பைக்கை ஸ்டார்ட் செய்தார்.

12 மார்ச் 2025, புதன்

ஷீலாவை வடசென்னை அணி எடுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கமே கல்லூரியில் இடம், தங்க ஹாஸ்டல், நல்ல பயிற்சியாளர். எனக்குப் போன் பண்ணிச் சொல்லும்போது அழுதாள். போடி, போய் ஆடு என்றேன். வைத்துவிட்டு நான் அழுதேன். அந்த மேளத்துக்கும் கொடிக்கும் நடுவே போகிறாள், நல்லதுதானே? நல்லதுதான்.

6 ஜூலை 2025, ஞாயிறு

புது சீசன், முதல் ஆட்டம், வந்து வாய்த்தது வடசென்னை. முதல் பாதியில் ஷீலா நின்றது எங்கள் பக்கக் கோலில். மஞ்சள் ஜெர்சி. அவள் வந்து கம்பத்தைத் தொட்டதும், கூட்டத்திலிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது முகங்களை எண்ண முடியாது. கைதட்டினேன். எல்லாரும் தட்டினார்கள். அவள் க்ளவுஸை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

செண்பகம் அக்காதான் பாவம். வடசென்னை வேன் பக்கம் போய் நின்று பார்த்திருக்கிறார். அங்கே மரியாதையாக நாற்காலி கொடுத்தார்களாம். உட்கார முடியவில்லை என்று எழுந்து வந்துவிட்டார். என் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு, “நான் இன்னிக்கு வாயத் தொறக்கமாட்டேன், சொல்லிட்டேன்” என்றார். அரை மணி நேரம் நிஜமாகவே திறக்கவில்லை. ஷீலா இரண்டு பந்தைத் தடுத்தாள், நாங்கள் தலையில் கைவைத்தோம், அக்கா வானத்தைப் பார்த்தார்.

அப்புறம் எங்கள் புதுப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து அடித்தாள். ஷீலா பறந்தாள். விரலில் பட்டு, கம்பத்தில் பட்டு, உள்ளே.

எங்களில் யாருக்கும் உடனே சத்தம் வரவில்லை. முதல் ஆளாகக் “கோலு” என்று கூவியது செண்பகம் அக்கா. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, துண்டு பறக்க. கூவிய பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஷீலா தரையிலிருந்து எழுந்து திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், நடுவர் வந்து பந்தைக் கேட்கும்வரை நிறுத்தவில்லை.