இருமாத பொம்மை

தாதியர் விடுதி,
திருகோணமலை.
3.9.1976

அன்புள்ள பத்மா,

நலமாய் இருக்கிறாயா? அம்மாவும் அண்ணாவும் சுகமா? நீ வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. இது என் மூன்றாவது கடிதம். உங்கள் ஊர் சல்லிக்குத் தபால்காரர் வருவதில்லையா, இல்லை உனக்குத்தான் கோபமா?

உன் கட்டிலில் இன்னும் யாரையும் போடவில்லை. புதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த விடுதி மேற்றனிடம், "பத்மா திரும்பி வருவா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நோன்பு தொடங்கி ஒரு கிழமை. மத்தியான வகுப்பில் கண் சொக்குகிறது. நேற்று இருதயப் படம் காட்டினார்கள். எழுத்தெல்லாம் ஆங்கிலம், தடி பட்ட இடமெல்லாம் கிழிசல். எலும்புக்கூட்டுக்கு இடது கை இன்னும் வரவில்லை. கேட்டதற்கு, "உங்களுக்கு இடது கை இருக்குத்தானே, அதைப் பாத்துப் படியுங்கோ" என்றார் கனகசுந்தரம் மிஸ். நாங்கள் குழாய் விட்டுப் பழகும் பொம்மைக்கு மட்டும் ஒரு குறையுமில்லை. பவுடர் பூசிக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று.

அவசரமாய் எழுதுவது இதற்குத்தான். நீ குழாய் விட்ட பெரியவர் சுகமாகி நேற்று வெருகலுக்குப் போய்விட்டார். உன்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று மிஸ்ஸின் அறைக்குள் என்ன விசாரித்தார்கள் என்றுதான் எனக்கு இன்னும் தெரியாது. ஒரு வரியாவது எழுது.

உன்
ஸல்ஹா


சல்லி.
7.9.1976

ஸல்ஹாவுக்கு,

மூன்று கடிதமும் கிடைத்தன. தபால்காரரில் குற்றமில்லை.

என்ன விசாரித்தார்கள் என்று கேட்கிறாய். பெரியவரின் மூக்கால் நான் விட்ட குழாய் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போயிற்று. அவர் இருமினார். நான் நிறுத்தாமல் தள்ளினேன். முகம் நீலமான பிறகுதான் சிஸ்டர் ஓடிவந்து இழுத்தெடுத்தார். என் பிழை. இல்லையென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. இருமியும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார்கள். "நாங்கள் பழகின பொம்மையிலை மூச்சு வழியை மெழுகாலை அடைச்சு வைச்சிருக்கு, தண்ணி போனால் பழுதாகுமெண்டு. எப்பிடித் தள்ளினாலும் வயித்துக்குத்தான் போகும். அது இருமாது" என்றேன்.

உடனே மிஸ் ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் போட்டார். கற்பித்தல் உபகரணங்களைப் பற்றி மாணவிகளின் அபிப்பிராயம் என்று ஆனி மாதம் நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்கள். இருபத்தெட்டில் இருபத்தேழு, பொம்மைக்கு "மிக நன்று". மூச்சு வழியைத் திறக்க வேண்டுமென்று எழுதியவள் நான் ஒருத்திதான். "ஒராள் மட்டும் குறை சொன்னால் குறை ஆரிலை?" என்று கேட்டார் மிஸ்.

கட்டின் மேலே இருந்தது உன்னுடைய படிவம். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அந்த மெழுகை முதலில் கண்டுபிடித்தவளே நீ. "இந்தப் பொம்புளைக்கு மூச்சில்ல, வயிறு மட்டுந்தான்" என்று சொல்லி எங்கள் எல்லோரையும் சிரிக்கவைத்தாய். பிறகு போய் "மிக நன்று" என்று எழுதினாய்.

22ஆம் திகதி கொழும்பிலிருந்து வந்து கடைசி விசாரணை வைக்கிறார்களாம். அதோடு என் பெயரை வெட்டிவிடுவார்கள். நான் போகப்போவதில்லை. நீயும் இனி எழுதாதே.

சி. பத்மாசனி


தாதியர் விடுதி,
திருகோணமலை.
13.9.1976

அன்புள்ள பத்மா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கிழிப்பதென்றால் கடைசி வரியையும் வாசித்துவிட்டுக் கிழி.

ஓம், எழுதினேன். "பழுதெண்டு எழுதினால் இருக்கிற ஒரு பொம்மையையும் கொண்டுபோயிடுவினம்" என்று மிஸ் சொன்னபோது எனக்கு அது நியாயமாய்ப் பட்டது. பயமும்தான். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. வெட்கமாயிருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே மிஸ்ஸிடம் போய் என் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். "குடுத்த அபிப்பிராயத்தைத் திருப்பி எடுக்க ஏலாது" என்றார். "அப்ப வேறொண்டு தாறன் மிஸ்" என்று கொண்டுபோன தாளை மேசையில் வைத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"இருதயப் படம், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு உதவும். எலும்புக்கூட்டுக்குக் கை இல்லை, ஆனால் இல்லாததை இல்லையென்றே காட்டுகிறது. பொம்மை பொய் சொல்கிறது. ஆனி மாதம் நானும் பொய் சொன்னேன்."

என்னையும் வீட்டுக்கு அனுப்புவேன் என்றார். வாப்பாவுக்கும் அறிவித்துவிட்டார். வாப்பா கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வந்து, விடுதி வாசலில் நின்று, "மன்னிப்புக் கேளு மகள்" என்றார். "அந்தப் பெரியவர் மௌத்தாகியிருந்தா மன்னிப்பு ஆருக்கிட்ட கேக்குற வாப்பா?" என்று கேட்டேன். திரும்பித் துறைக்கு நடந்துவிட்டார். வகுப்பில் இரத்தினேஸ்வரி மட்டும் என் தாளின் கீழே தன் பெயரையும் போட்டாள். மற்றவர்கள் என்னைக் கண்டால் சுவரைப் பார்க்கிறார்கள்.

இனிச் சொல்வதைக் கவனமாய்க் கேள். விசாரணையில் பொம்மையை வைத்து உன்னைச் செய்து காட்டச் சொல்வார்களாம். நீ எப்படிச் செய்தாலும் அது சரியென்றுதான் காட்டும். பொம்மையில் சரியாய்ச் செய்தவள் ஆளில் கவனமில்லாமல் செய்தாள் என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதனால் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு நான் இருக்கப்போகிறேன். முதலில் அதற்குக் குழாயை விடு, பிறகு எனக்கு விடு. அன்றைய நோன்பு முறியும், பெருநாளைக்குப் பிறகு பிடித்துக்கொள்வேன். உன் கை பிழைக்காது என்று நான் சொல்ல வரவில்லை. குழாய் பிழையான வழியில் போனால் நான் இருமுவேன், நீ நிறுத்துவாய். அதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

புதன்கிழமை காலை பத்து மணி. நீ வராவிட்டாலும் அந்தக் கதிரையில் நான் இருப்பேன்.

உன்
ஸல்ஹா


சல்லி.
18.9.1976

என் ஸல்ஹா,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்குப் பயமில்லையோ?" என்று கேட்டார். "என்னைவிடப் பயந்தவள்" என்றேன். உன்னை எனக்குத் தெரியும்.

இன்னும் முழுக்கக் கோபம் ஆறவில்லை. அதை நேரில் பேசிக்கொள்வோம். ஆனாலும் புதன்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். சீருடையைத் திருப்பித் தரச் சொல்லி இரண்டு தரம் எழுதினார்கள், நான் கொடுக்கவில்லை. தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். அதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன்.

அன்றைக்கு விடியுமுன் சஹர் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். எந்த மூக்கால் மூச்சு இலேசாய் வருகிறதென்று ஒவ்வொன்றாய் அடைத்துப் பார்த்து வை. கதிரையில் நிமிர்ந்து இரு, நான் சொல்லும்போது விழுங்கு.

இருமல் வந்தால் என்னைக் காப்பாற்றவென்று அடக்கிவிடாதே. மிஸ்ஸுக்குக் கேட்கும்படி இருமு.

உன்
பத்மா